பாடம் பதினொன்று: புகார்க் கடிதம்

நீச்சல் குளத்துக்கு மேல்மாடியில் எங்கள் வகுப்பு.
லாஹ்தி நகரத்து நவம்பர்
மூன்றரைக்கே இருட்டிவிடும்.
குளோரின் வாடை படியேறி வந்து
முதல் வரிசையில் உட்காரும்,
வருகைப் பதிவில் அதன் பெயர் மட்டும் இல்லை.

ஒன்பது பேர்.
கிடங்கிலிருந்து நேரே வரும் தெவோல்தேயின் விரல்களில்
அட்டைப்பெட்டி கீறிய கோடுகள்.
ஜோமாருக்கு முதியோர் இல்லத்தில் இரவுப்பணி;
பதினைந்து வேற்றுமைகளில்
ஏழாவது வருமுன் தூங்கிவிடுவான்.
ஃபிலிஸின் கோட்டில் பீட்சா மாவு.
நெஸ்ரின் ஜன்னலோரம்,
பென்சிலைச் சீவிச் சீவிக் குட்டையாக்கியபடி.

"உங்களிடம் ஒரு குளிர்பதனப் பெட்டி இருக்கிறது.
அது பழுதாகிவிட்டது. கடைக்கு எழுதுங்கள்."
இருபத்திரண்டு வருடமாக
அதே பெட்டியைப் பழுதாக்கிக்கொண்டிருக்கிறேன்.
எத்தனை தேசத்தார் அதன்மேல்
மரியாதையோடு கோபப்பட்டிருக்கிறார்கள்!

எட்டுத் தாள்களில் பெட்டி குளிரவில்லை.
ஒன்பதாவது தாள் எனக்கு வந்திருந்தது.

"மதிப்புக்குரிய ஆசிரியை,
நீங்கள் எங்களோடு மெதுவாக பேசுகிறது,
காய்ச்சல்காரரோடு பேசும் மாதிரி.
இடைவேளையில் போனில் தங்கையை வேகமாக பேசுகிறீர்கள்,
சிரிக்கிறீர்கள். அந்த மொழி எந்தக் கடையில்?
'நான் இருக்கிறேன்' என்று சொல்லித் தந்தீர்கள்.
பேருந்தில் ஒருவரும் இருக்கிறேன் இல்லை.
எல்லாரும் இருக்கேன்.
நான் மட்டும் இருக்கிறேன்.
பொருளை மாற்றித் தரவும்.
இப்படிக்கு நெஸ்ரின்."

சிவப்புப் பேனா தானாக எழுந்தது.
எழுவாயும் பயனிலையும் ஒட்டவில்லை: ஒரு வட்டம்.
தங்கையை அல்ல, தங்கையோடு: ஒரு கோடு.
இரட்டிக்க வேண்டிய மெய்யெழுத்து
ஒற்றையாய் நிற்கிறது: இன்னொரு வட்டம்.
"ஒருவரும் இருக்கிறேன் இல்லை"
என்ற இடத்தில் பேனா நின்றது.
அங்கே பிழை எதுவென்று
எனக்கே சொல்லத் தெரியவில்லை.

வீட்டுக்குக் கொண்டுபோய்
பட்டாணி சூப் ஆறும்வரை படித்தேன்.
கோபம் வந்தது. வரவில்லை என்று சொல்லமாட்டேன்.
ஒவ்வொரு வாக்கியத்திலும் முள்ளெடுத்து
ஊட்டிக்கொண்டிருந்தவள் நான்.
காமிஷ்லியில், கோர்ட்டு வாசலில் மேசை போட்டு
பதினொரு வருடம் ஊராருக்கு
மனு எழுதித் தந்தவள் அவள்.
முதல் நாளே சொல்லியிருந்தாள்.
படிவத்தில் நான்தான் நிரப்பினேன்:
அலுவலக வேலை.

வியாழக்கிழமை புத்தகத்தைத் திறக்கவில்லை.
என் வீட்டில் நாலு நாளாக வெப்பம் வரவில்லை,
இது பாடத்துக்காகச் செய்த பழுது அல்ல.
போனை மேசை நடுவில் வைத்து
ஒலிபெருக்கியை அழுத்தினேன்.

"நீங்கள் வரிசையில் பதினேழாவது," என்றது இயந்திரம்.
எல்லாருக்கும் புரிந்தது.
எண்களில் எப்போதும் முழு மதிப்பெண் வாங்குபவர்கள்.
பியானோ இசை. பதினாறு.
ஃபிலிஸ் எள் ரொட்டியைப் பிய்த்துச் சுற்றுக்கு விட்டாள்.
பதினான்கு. ஜோமார் விழித்திருந்தான்.
காத்திருப்பதில் அந்த அறையில்
என்னைவிட அனுபவம் குறைந்தவர் யாருமில்லை.

ஏழு என்றபோது நெஸ்ரின் நாற்காலியை இழுத்து வந்தாள்.
"முதலில் பெயர் வேண்டாம்," என்றாள்.
"முதலில் தேதி. பிறகு குளிர். அழுகை கடைசி."
நான் குறித்துக்கொண்டேன்.

ஒன்று.
பிறகு ஒரு மனிதக் குரல், அவசரமாக.
ஒன்பது பேரும் என் வாயைப் பார்த்தார்கள்.
எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது; விடுபட்டதும்
தேதி, குளிர், குழாய், தங்கை வீட்டில் குளியல்
எல்லாம் ஒரே மூச்சில் கொட்டியது.

"அம்மா, கொஞ்சம் மெதுவாப் பேசுங்க,"
என்றது அந்தப் பக்கம். "ஒண்ணும் கேக்கல."

சிரிப்பு அடங்கச் சற்று நேரமானது.
ஜோமார் நோட்டைத் திறந்து
பதினைந்து வேற்றுமைகளுக்குக் கீழே
எழுதிக்கொண்டான்:
கேக்கல.